ஒளிரும் நுண்டுளைப் பல்பகுதியங்கள்

ஜேர்மனி நாட்டிலே தன்யூப் நதி தோன்றிச் சிறிது தூரம் சென்றதும், இம்மெண்டிங்கன் என்னும் ஊருக்கண்மையில் அதன் நீரிற் பெரும்பகுதி சுண்ணக்கற் பிளவுகளினூடாக நிலத்துட் புகுந்து மறைந்துவிடுகின்றது. ஆற்றின் படுகை முற்றாக வரண்டு கிடக்கும் நாள்களும் உள. மறைந்த நீர் எங்கே செல்கின்றது என்பது நெடுங்காலம் வழக்குக்குரிய வினாவாக இருந்தது. 1877 ஆம் ஆண்டிலே புளோரசீன் என்னும் சாயத்தின் சோடிய உப்பு ஏறக்குறைய 10 கிலோகிராம் அந்நீர் மறையுமிடத்தில் இடப்பட்டது. அறுபது மணித்தியாலம் அளவிற் கழிந்தபின், 12 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஆக் என்னும் ஊற்றின் நீர் பச்சை நிறமாக ஒளிரக் காணப்பட்டது. அவ்வூற்றின் நீர் கொன்ஸ்ரன்ஸ் ஏரியை அடைந்து றைன் நதியோடு சேர்வது. ஆகவே, கருங்கடலை நோக்கிப் புறப்பட்ட நீரில் ஒரு பகுதி நிலத்தின் கீழே திசைமாறி வடகடலைச் சென்றடைகின்றது என்பது ஐயத்துக்கிடமின்றித் துணியப்பட்டது.

மலையளவு பாறை மறைத்திருந்த ஒன்றைச் சிறிதளவு சாயம் வெளிப்படுத்திய இச்செய்தி, ஒளிரும் பொருள்களால் விளையும் பயனுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். நிலத்தின் கீழோடும் ஆற்றுக்குப் பதிலாக, மண்ணுட் புதைந்த வெடிமருந்தையும், குடிநீரிற் கலந்த நஞ்சையும், உயிருள்ள கலத்தினுள் நடைபெறும் மாற்றத்தையும் அதே வழியாற் கண்டறிய இன்று முயற்சிகள் நடைபெறுகின்றன. அம்முயற்சிகளிற் பயன்படும் பொருள்களுள் ஒளிரும் நுண்டுளைப் பல்பகுதியங்கள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன.

முதற்கண் புளோரொளிர்வு என்பது யாதெனக் காண்போம். கொயினாக் கரைசலைச் சூரிய ஒளியில் வைத்தால் அதன் மேற்பரப்பில் மெல்லிய நீல ஒளி தோன்றும். நீரைப்போல் நிறமற்ற கரைசலில் இந்நீலம் எவ்வாறு வந்தது? 1845 இல் ஜோன் ஏர்செல் இதனை விவரித்தாரேனும் காரணத்தைக் கண்டாரல்லர். 1852 இல் ஜோர்ஜ் கபிரியேல் ஸ்ரோக்ஸ் என்பார் நிறமாலையின் ஒவ்வொரு பகுதியிலும் அக்கரைசலை வைத்து நோக்கினார். ஊதா நிறத்துக்கும் அப்பால், கண்ணுக்கு எவ்வொளியும் புலனாகாத இடத்திலேயே அது நன்றாக ஒளிர்ந்தது. கண்ணுக்குத் தோன்றாத ஊதாக்கடந்த ஒளியை உட்கொண்டு, அதனிலும் நீண்ட அலைநீளமுடைய நீல ஒளியை அது வெளிவிடுகின்றது என்பது அவர் கண்ட முடிபு. இவ்வாறே ஒளிரும் புளோர்ஸ்பார் என்னுங் கனிப்பொருளின் பெயரையொட்டி இந்நிகழ்ச்சிக்குப் பெயரிட்டவரும் அவரே.

இதன் காரணத்தை இலத்திரன்களின் நிலைகொண்டு விளக்குவர். ஒளியை உறிஞ்சிய மூலக்கூறொன்றில் ஓர் இலத்திரன் உயர்ந்த சத்தி நிலைக்கு ஏறுகின்றது. இது அருட்டிய நிலை எனப்படும். ஏறிய இலத்திரன் தான் பெற்ற சத்தியிற் சிறிது பாகத்தை வெப்பமாக இழந்து, எஞ்சியதை ஒளியாக விட்டு மீண்டும் கீழ்நிலையை அடைகின்றது. சத்தியிற் சிறிது குறைந்தமையினாலேயே வெளிவரும் ஒளியின் அலைநீளம் நீளுகின்றது. இவையனைத்தும் ஒரு செக்கனை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் பாகங்களுட் சிலவற்றினுள் முடிந்துவிடும். இக்கால அளவு நமக்கு மிகச் சிறிதாயினும் மூலக்கூறுகளுக்குச் சிறிதன்று. அதற்குள் வேறொரு மூலக்கூறு அணுகி, ஏறிநின்ற இலத்திரனைக் கவர்ந்துகொள்ளுமாயின் ஒளி தோன்றாது. ஒளி தணிந்தது என்பதே அயலான் ஒருவன் வந்துள்ளான் என்பதற்கு அறிகுறியாகின்றது. அயற்பொருளின் செறிவுக்கும் ஒளி தணியும் அளவுக்குமுள்ள தொடர்பை ஓட்டோ ஸ்ரேண், மாக்ஸ் வொல்மர் என்னும் இருவர் 1919 இல் ஒரு சமன்பாட்டால் வரையறுத்தனர். இன்றும் இத்துறையில் வெளிவரும் கட்டுரைகளில் அச்சமன்பாடு இடம்பெறாதது அரிது.

இதற்கு மறுதலையாக, அயற்பொருள் வந்தடைந்தவிடத்து ஒளி தோன்றுமாறு மூலக்கூறுகளை அமைத்தலும் கூடும். கொழும்புப் பல்கலைக்கழகத்திற் பயின்று, பின்னர் பெல்பாஸ்ற் நகரிலுள்ள குயீன்ஸ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிய பிரசன்ன டி சில்வா இத்துறையில் முன்னோடிகளுள் ஒருவர். ஒளிரும் பகுதி ஒன்று, பொருளைப் பற்றும் பகுதி ஒன்று, இரண்டையும் இணைக்கும் சிறு பாலம் ஒன்று என அவருடைய மூலக்கூறுகள் அமைந்தன. பற்றும் பகுதி வெறுமையாயிருக்கும்போது அதிலிருந்து ஓர் இலத்திரன் பாய்ந்து ஒளியைத் தணிக்கும். சோடியம் அயன் வந்து அமர்ந்தவுடன் அப்பாய்ச்சல் நின்று ஒளி பிறக்கும். நோயாளரின் குருதியில் சோடியம் முதலியவற்றை அளக்கும் வைத்தியசாலைக் கருவிகளில் இத்தத்துவம் பயன்பட்டு வந்துள்ளது. இலங்கையிற் பிறந்த ஒருவரின் ஆராய்ச்சி இத்துணைப் பயன் அளித்தமையை இங்குள்ள மாணாக்கர் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

தனி மூலக்கூறாலாகிய இவ்வுணரிகளுக்கு ஓர் எல்லையுண்டு. ஓர் அயற்பொருள் ஒரு மூலக்கூற்றின் ஒளியையே மாற்றவல்லது. ஆயிரம் மூலக்கூறுகள் இருக்குமிடத்தில் ஒன்றின் ஒளி தணிந்தால் அதனை யார் அறிவார்? இவ்விடத்திலேதான் பல்பகுதியம் துணைக்கு வருகின்றது. அக்காலத்திற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரான திமொதி சுவேகர் என்பாரும் அவருடைய மாணாக்கரும் 1995 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு வழிகாட்டியது. ஒற்றைப் பிணைப்பும் பன்மைப் பிணைப்பும் மாறிமாறி வரும் நீண்ட காபன் சங்கிலிகளில் ஓரிடத்தே உறிஞ்சப்பட்ட சத்தி அவ்விடத்திலேயே தங்கி நிற்பதில்லை. சங்கிலியின் வழியே அலைந்து திரியும். ஒரு தெருவிற் பாடிக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் ஒருவனை எண்ணுக. நூறு வீடுகளுள் ஏதேனும் ஒரு வீட்டார் அவனை உள்ளே அழைத்து இருத்திக்கொண்டால் தெரு முழுவதற்கும் பாட்டு இல்லாது போகும். அவ்வாறே சங்கிலியின் நூறு பகுதிகளில் ஏதேனும் ஒன்றில் அயற்பொருள் அமர்ந்திருந்தாலும் அலையுஞ் சத்தி அங்கே அகப்பட்டுச் சங்கிலி முழுவதும் இருளும். தனி மூலக்கூற்றினும் பல பத்து மடங்கு உணர்வு இதனாற் கிடைத்தது. அப்பரிசோதனையில் அயற்பொருளாக எடுத்துக்கொள்ளப்பட்டது பரகுவாற் என்னும் சேர்வையாகும். களைகொல்லியாக விற்கப்பட்டுப் பலர் உயிரைக் குடித்து, 2008 தொடக்கம் 2011 வரையுள்ள காலத்தில் இலங்கையிற் படிப்படியாக விலக்கப்பட்ட நஞ்சு அதுவே.

கரைசலில் இவ்வாறு சிறப்பாகத் தொழிற்பட்ட சங்கிலிகள், திண்மப் படலமாகப் பூசப்பட்டவிடத்து ஏமாற்றம் அளித்தன. தட்டையான மூலக்கூறுகள் ஏட்டுச்சுவடியின் ஏடுகள்போல் ஒன்றன்மேலொன்று அடுங்கிக்கொள்ளும் இயல்புடையன. அடுங்கியவற்றின் அருட்டற்சத்தி பெரும்பாலும் வெப்பமாகவே வீணாகும். செறிவு கூடக்கூடப் பைரீனின் இயற்கை ஒளி குன்றுவதைப் போஸ்ரர் என்னும் ஜேர்மானியர் 1954 இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். அன்றியும், இறுக அடுங்கிய படலத்தினுள் அயற்பொருளின் ஆவி நுழைவதற்கு இடமுமில்லை. ஒளியும் குறைந்து வாயிலும் அடைபட்ட பொருள் உணரியாகப் பயன்படுமாறு எங்ஙனம்?

இவ்விரு குறைகளுக்கும் மருந்து ஒன்றே. சங்கிலிகளை ஒன்றையொன்று அணுகாதவாறு விலக்கி நிறுத்தினால் ஒளியும் காக்கப்படும். இடையில் வெற்றிடமும் உண்டாகும். 1942 இல் பாட்லெற் என்பவர் திரிப்ரிசீன் என்னும் சேர்வையைத் தயாரித்திருந்தார். மூன்று பென்சீன் வளையங்கள் காற்றாடியின் இதழ்கள்போல் ஓர் அச்சைச் சுற்றி விரிந்து நிற்பது அதன் வடிவம். எவ்வாறு வைத்தாலும் அது தட்டையாகக் கிடவாது. இவ்வினத்தைச் சேர்ந்த, இன்னும் பெரிய விறைப்பான கூறுகளைச் சங்கிலியில் இடையிடையே கோத்து, சுவேகரும் அவருடைய மாணாக்கர் யாங் என்பவரும் ஆக்கிய பல்பகுதியம் 1998 இல் வெளியிடப்பட்டது. அதன் மெல்லிய படலமொன்று ரி.என்.ரி. என்னும் வெடிமருந்தின் ஆவி பட்டவுடன் அரைநிமிட அளவில் ஏறக்குறையப் பாதி ஒளியை இழந்தது. ரி.என்.ரி. மூலக்கூற்றிலுள்ள மூன்று நைத்திரோக் கூட்டங்களும் வளையத்தின் இலத்திரன்களைத் தம்பால் இழுத்து வைத்திருப்பதால் அம்மூலக்கூறு இலத்திரன் வறுமையுடையது; அயலில் அருட்டிய இலத்திரன் ஒன்று கிடைத்தால் ஆவலோடு ஏற்றுக்கொள்ளும். பல்பகுதியத்தின் வெற்றிடங்களுட் புகுந்து அது செய்வது இதுவே.

இதன் அருமையை உணர்தற்கு ரி.என்.ரி. எத்துணைச் சிறிதளவே ஆவியாகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். சாதாரண வெப்பநிலையில் நூறு கோடி பங்கு வளியில் அதன் ஆவி பத்துப் பங்குக்கும் உட்பட்டதே. மண்ணுட் புதைந்தவிடத்து அதனினும் மிகக் குறையும். இவ்வளவையும் முகர்ந்து காட்டவல்லது பயிற்றப்பட்ட நாயின் மூக்கு. ஆதலின் ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சிப் பகுதியார் இதற்கு உதவிய திட்டத்துக்கு நாயின் மூக்கு என்றே பெயரிட்டனர். நொமாடிக்ஸ் என்னும் நிறுவனம் செய்த கருவியும் பைடோ என்னும் நாய்ப்பெயரையே பெற்றது. உட்புறத்தில் ஒளிரும் பல்பகுதியம் பூசப்பட்ட ஒடுங்கிய கண்ணாடிக் குழாயினூடே வளி இழுக்கப்படும். ஒளி சட்டெனக் குன்றினால் கருவி அறிவிக்கும். பின்னர் ஈராக்குப் போரில் அதனை இயந்திர ஊர்திகளிற் பொருத்தி வெடிகுண்டு தேடவும் பயன்படுத்தினர்.

கண்ணிவெடி என்னும் சொல்லின் பொருளை வட இலங்கை மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. 2009 இற் போர் முடிந்தபின் முகமாலை முதலிய இடங்களில் வயலும் தென்னந்தோட்டமும் ஆண்டுக்கணக்காக மனிதர் கால்வைக்க இயலாத நிலங்களாகக் கிடந்தன. இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது 2017 இலேயாம். இங்கு அகற்றும் வேலையிற் பெரும்பகுதி ஒளிரும் பல்பகுதியத்தால் நடைபெற்றதன்று. உலோகம் அறி கருவியும், உலோகம் மிகக் குறைந்த பிளாத்திக்கு வெடிகள் உள்ளவிடங்களில் நீண்ட பிடியுள்ள வாரியால் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறும் கைவேலையுமே பயன்பட்டன. அவ்வேலையைச் செய்தோருட் பெண்கள் பலர். இதனைக் கருவியின் தோல்வி என்று கொள்ளுதல் பொருந்தாது. வெடிமருந்தின் ஆவி மழையால் அடித்துச் செல்லப்பட்டுப் புதைந்த இடத்தினின்றும் பல அடி விலகித் தோன்றும். மண்ணின் ஈரமும் வெப்பமும் அதன் அளவை நாழிகைக்கு நாழிகை மாற்றும். இங்கே வெடியிருக்கின்றது என்று சொல்லுங் கருவியைவிட, இங்கே வெடியில்லை என்று உறுதி கூறுங் கருவியே உழவனுக்கு வேண்டியது. அத்தகைய உறுதியை ஆவியை முகரும் எம்முறையும் எளிதில் தரவியலாது.

சுவேகரின் பல்பகுதியம் தனிச் சங்கிலிகளால் ஆயது. சங்கிலிகளைப் பக்கவாட்டிலும் பிணைத்து, வலைபோல் மூன்று திசையிலும் விரிந்த விறைப்பான கட்டமைப்பாக்கினால் துளைகள் நிலையாக நிற்கும். இலிவர்பூல் பல்கலைக்கழகத்தில் அன்று கூப்பரும் அவரைச் சார்ந்தோரும் 2007 இல் இவ்வழியிற் பெற்ற பொருள்கள் இணைந்த நுண்டுளைப் பல்பகுதியங்கள் எனப்படுகின்றன. மூன்று கைகளையுடைய பென்சீன் வளையங்கள் கணுக்களாகவும், அவற்றை இணைக்கும் நேரான அசற்றலீன் துண்டுகள் கோல்களாகவும் பல்லேடிய ஊக்கியின் துணையோடு பிணைக்கப்பட்டன. கோல்கள் வளையா, ஆதலால் வலை தன்மேல் தானே சரிந்து விழமாட்டாது. அவற்றுட் சிறந்ததொன்றின் ஒரு கிராம் தூளில் 834 சதுர மீற்றர் பரப்பிருந்தது. மூன்று தெனிசு ஆடுகளங்களின் பரப்பிலும் இது சற்று மிகை. இப்பரப்பைக் கண்ணால் அளத்தல் கூடாதாகையால், -196 பாகை சதம அளவில் நைதரசன் வாயுவைத் தூளின்மேற் படியவிட்டு, எத்துணை படிந்தது என்பதைக் கொண்டு கணிப்பர். புரூனோவர், எம்மெற், தெல்லர் ஆகிய மூவர் 1938 இல் வகுத்த முறை அது. அதனினும் மிகுந்த பரப்புடையனவும் பின்னர் வந்தன. ஒமார் யாகியும் பிறரும் 2005 இல் ஆக்கிய பங்கீட்டு வலுச் சேதனச் சட்டகங்கள் பளிங்குபோல் ஒழுங்கான துளைகளையுடையன. இவற்றின் உறவினவான உலோக சேதனச் சட்டகங்களுக்காக யாகி, கிற்றகாவா, றொப்சன் ஆகிய மூவருக்கும் 2025 இல் இரசாயனத்துக்கான நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

கணுக்களாக எத்தகைய மூலக்கூற்றை அமைப்பது என்பதில் 2001 ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பொன்று புதுவழி திறந்தது. கரைசலில் ஒளிராத சில சேர்வைகள், ஒன்றுகூடித் திரண்டவிடத்தே ஒளிர்வதை ஹொங்கொங் நகரில் பென் சொங் தாங் என்பவரின் குழுவினர் கண்டனர். அம்மூலக்கூறுகளின் வளையங்கள் தனித்திருக்கும்போது சுழன்று அச்சுழற்சியிற் சத்தியை வீணாக்குகின்றன. நெருக்கத்திற் சுழல இடமின்மையால் ஒளியாக விடுகின்றன. கூட்டத்தில் ஒளி மங்கும் பொருள்களையே அறிந்திருந்தோருக்கு இது வியப்பாயிருந்தது. இத்தகைய வளையங்களைப் பல்பகுதிய வலையிற் கணுவாக இறுக்கிவிட்டால் சுழற்சி தடைப்படும், ஒளி மிகும், துளையும் எஞ்சும். யப்பானிற் பணியாற்றிய டொங்லின் ஜியாங்கின் குழுவினர் 2012 இல், காபசோல் என்னுங் கூற்றைக் கொண்ட நுண்டுளைப் பல்பகுதியமொன்று இலத்திரன் செழிப்புள்ள ஆவி பட்டபோது ஒளி மிகுவதையும், இலத்திரன் வறிய ஆவி பட்டபோது ஒளி குன்றுவதையும் காட்டினர். துளையில்லாத நேர்ச்சங்கிலியைவிட இது விரைவாகவும் கூர்மையாகவும் உணர்ந்தது.

இக்காலத்தில் இத்துறைக் கட்டுரைகள் பெருகிவிட்டன. அவற்றுட் பல பிக்கிரிக்கமிலத்தைத் தெரிந்து கண்டறிவதாகக் கூறும். இவற்றை வாசிப்போர் ஒரு செய்தியை மறத்தலாகாது. பிக்கிரிக்கமிலம் கடுமஞ்சள் நிறமுடையது; ஊதாக்கடந்த ஒளியையும் ஊதா ஒளியையும் தானே பேரளவில் உறிஞ்சும். விளக்குக்கும் பல்பகுதியத்துக்கும் இடையில் அது திரைபோல் நின்று ஒளியை மறைத்தாலும் கருவியிற் காண்பது ஒளிக்குறைவேயாகும். துளையினுட் புகுந்து இலத்திரனைக் கவர்ந்ததற்கும், வெளியே நின்று நிழல் செய்ததற்கும் வேறுபாடு காணாது எழுதப்பட்ட கட்டுரைகள் சில அல்ல. அருட்டிய நிலையின் ஆயுளை அளத்தல் இதற்கு நல்ல சோதனை. அருட்டிய மூலக்கூற்றை அயற்பொருள் மோதித் தணிப்பதாயின் ஆயுள் குறுகும். வெறும் நிழலாயின் ஆயுளில் மாற்றமிராது. மூன்றாம் இரும்பு அயனை நீரிற் கண்டறிவதாகக் கூறும் கட்டுரைகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். கிணற்று நீரைச் சோதித்துக் குடிக்கலாம் அல்லது குடித்தலாகாது என்று ஒரு குடும்பத்துக்குச் சொல்ல நேருமிடத்தில், தூய நீரிற் பெற்ற பெறுபேறு போதாது. சுண்ணமும் உப்பும் சேதனப் பொருளும் கலந்த உண்மையான நீரில் அவ்வுணரி பிழையாது காட்டுகின்றதா என்பதே வினா.

உயிருள்ள கலங்களைக் காணுதல் இவற்றுள் அரிய வேலை. சொறிமுட்டையினின்று 1962 இற் பிரித்தெடுக்கப்பட்ட பச்சை ஒளிப் புரதம், கலங்களின் உட்பகுதிகளைத் தனித்தனியே ஒளிரச்செய்து நுணுக்குக்காட்டியிற் காண வழிவகுத்தது. 2008 இன் நொபெல் பரிசு அதற்குரியது. பல்பகுதியத்துக்கு அப்புரதத்திலும் சிறந்த பண்பு ஒன்றுண்டு. ஒளியை மிகுதியாக உறிஞ்சி, நெடுநேரம் ஒளியூட்டினும் வெளிறாது நிற்கவல்லது. ஆனால் வலையாகப் பிணைந்த பல்பகுதியம் எக்கரைப்பானிலுங் கரையாத தூள். கலத்தின் விட்டம் ஒரு மீற்றரின் இலட்சத்திலொரு பங்கு அளவினதாயிருக்க, அதனிற் பெரிய தூளை எங்கே புகுத்துவது? ஆகவே எண்ணெய்த் துளிகளை நீரில் நுண்ணிதாகச் சிதறி, ஒவ்வொரு துளியினுள்ளும் பல்பகுதியம் உண்டாகுமாறு தாக்கத்தை நடத்துவர். துளி எத்துணைச் சிறிதோ துணிக்கையும் அத்துணைச் சிறிதாக, நூறு நனோமீற்றர் அளவினதாக அமையும். அதன் மேற்பரப்பில் நீரை விரும்பும் சங்கிலிகளை இணைத்தால் நீரிற் படியாது மிதக்கும். கலமென்சவ்வு அத்துணிக்கையைச் சூழ்ந்து உள்மடிந்து பைபோல் விழுங்குகின்றது. பெரும்பாலும் அது சென்றடையும் இடம் கலத்தின் சமிபாட்டறையாகிய இலைசோசோமாகும். வேறிடத்திற் சேர்ப்பித்தற்குத் தனி உபாயம் வேண்டும்.

திசுக்களின் ஆழத்தைக் காண்பதிலும் இடர்ப்பாடுண்டு. ஊதாக்கடந்த ஒளி தசையினுள் ஆழச் செல்லாது. அன்றியும் கலத்திலுள்ள இயற்கைப் பொருள்களையும் ஒளிரச்செய்து காட்சியைக் குழப்பும். செவ்வொளிக்கு அப்பாலுள்ள ஒளியின் இரண்டு போட்டன்களை ஒரே கணத்தில் உறிஞ்சச்செய்யும் முறையால் இது தவிர்க்கப்படுகின்றது. இவ்வாறு உறிஞ்சப்படலாம் என்பதை மரியா கெப்பேட் மாயர் 1931 இலேயே கணிதத்தாற் கூறினார். 1990 இல் டெங்கு, ஸ்ரிக்லர், வெப் ஆகிய மூவர் அதனை நுணுக்குக்காட்டியிற் கையாண்டனர். இணைந்த பல்பகுதியங்கள் இரு போட்டன் உறிஞ்சுதலிற் சிறந்தன. துளைகளில் மருந்தை நிறைத்து, அது சென்று சேருமிடத்தை ஒளியாற் காணவும் எண்ணுகின்றனர்.

இவ்வெண்ணம் வைத்தியசாலையை அடைவதற்குமுன் தீர்க்கவேண்டிய இரு சிக்கல்கள் அப்பொருளின் பிறப்போடு வந்தவை. வலையைப் பின்னிய பல்லேடியத்திற் சிறிது துளைகளுள் அகப்பட்டு, எத்தனை முறை கழுவினும் முற்றாக வெளியேறுவதில்லை. அது ஒளியையும் தணிக்கும், கலத்துக்கும் உவப்பானதன்று. மற்றையது, துளையைச் சரியாது காத்த அதே உறுதியான காபன் பிணைப்புக்களாகும். உடலின் நொதியங்கள் அவற்றை எளிதில் அறுக்கமாட்டா. குருதியிற் செலுத்தப்பட்ட இவ்வளவினவான துணிக்கைகள் ஈரலிலும் மண்ணீரலிலும் சென்று தங்குவன. சிறுநீரகம் வடித்து வெளியேற்றுவதற்கு அவை மிகப் பெரியன. ஆதலினால், தன் பணி முடிந்தபின் உடலினுள்ளே தானே சிதையத்தக்க பிணைப்புக்களை வலையில் இடையிடையே அமைக்கும் முயற்சியிலும் இரசாயன அறிஞர் ஈடுபட்டிருக்கின்றனர்.